வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாவா, யூடியூபா: சின்ன வியாபாரத்துக்கு எது கைகொடுக்கும்?

போன மாதம் திண்டுக்கல்லில் இருந்து அக்கா போன் செய்தாள். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று மூன்று வகை வீட்டிலேயே அரைத்து, பக்கத்து வீடு, மாமாவின் ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில் பழக்கமானவர்கள் என்று ஆறேழு மாதமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவள், இப்போது கொஞ்சம் பெரிதாகச் செய்யலாம் என்று இறங்கியிருக்கிறாள். "இன்ஸ்டால போடுன்னு எல்லாரும் சொல்றாங்க, சேனல் ஆரம்பின்னு மாமா சொல்றாரு, ஃபேஸ்புக்கெல்லாம் இப்ப யாரும்மா பார்க்குறான்னு பெரியவ சொல்றா. எனக்கு சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம்தான்டி கிடைக்கும். எதுல உட்காரட்டும்?"

அவள் கேட்டதில் அந்த ஒன்றரை மணி நேரம்தான் முக்கியமான சொல். கடை வைத்து ஆள் போட்டு நடத்துகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கலாம். சமைத்து, பிள்ளையை அனுப்பி, சரக்கு எடுத்து, பார்சலும் கட்டி, நடுவில் போனையும் பார்க்கிறவர்களுக்கு அது ஆகாது. நான்கு இடத்தில் கணக்கு திறந்து, முதல் மாதம் மும்முரமாகப் போட்டு, மூன்றாவது மாதம் நான்கையும் அப்படியே விட்டுவிட்டவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். கடைசியாகப் போட்ட படம் எட்டு மாதத்துக்கு முந்தியது என்றால், வருகிறவர் "இவங்க இன்னும் வியாபாரம் பண்றாங்களா?" என்றுதான் நினைப்பார். நான் 2019இல் இருந்து மதுரையில் வீட்டில் இருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறேன். இதில் எல்லாவற்றையும் ஒரு முறையாவது செய்து பார்த்துவிட்டேன். அக்காவுக்குச் சொன்னதை இன்னும் நான்கு பேருக்கு உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பை மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைத்து "இதுவா அதுவா" என்று கேட்பதே சரியில்லை. நம் ஊரில் வாடிக்கையாளர் உங்களை எங்கே பார்த்தாலும் சரி, ரீலிலோ வீடியோவிலோ கூகுள் மேப்பிலோ, விலை பேசி, முகவரி அனுப்பி, ஜிபே பண்ணி, "அனுப்பிட்டீங்களா?" என்று கேட்பது வாட்ஸ்அப்பில்தான். அது கல்லாப்பெட்டி. மற்றதெல்லாம் வாசல். கல்லா இல்லாமல் கடை கிடையாது, ஆகவே அதை முதலில் ஒழுங்கு பண்ணிவிட்டு, எந்த வாசலைத் திறப்பது என்று யோசிப்பதுதான் முறை.

வாட்ஸ்அப் பிசினஸ் தனி ஆப், இலவசம், 2018இல் வந்தது. சொந்த எண்ணில் வியாபாரம் செய்யாமல் ஒரு புது சிம் வாங்கி அதில் போட்டுவிடுங்கள். மாமியார் வீட்டு குரூப்பும் ஆர்டரும் ஒரே இடத்தில் வந்து விழுந்தால் எதையாவது தவறவிடுவீர்கள். கேட்டலாக்கில் 500 பொருள் வரை ஏற்றலாம், படம், விலை, விவரத்தோடு. லேபிள் வசதியை நிறையப் பேர் தொடுவதே இல்லை. நான் "பணம் வரலை", "பேக் பண்ணணும்", "அனுப்பியாச்சு" என்று மூன்று நிறத்தில் வைத்திருக்கிறேன், ராத்திரி பத்து மணிக்கு அதைத் திறந்தால் நாளைக்கு என்ன வேலை என்று தெரிந்துவிடும்.

எப்படி அனுப்புவது என்பதில்தான் குழப்பம் வரும். குரூப் ஆரம்பித்தால் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அதில் இருக்கிற ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். அதே சேலையை விற்கிற இன்னொருவர் அமைதியாக உள்ளே வந்து, எண்களை எடுத்துக்கொண்டு, தனித்தனியாக மெசேஜ் போடுவார். எனக்கு நடந்தது. பிராட்காஸ்ட்டில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு பட்டியலில் 256 பேர், ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், ஆனால் உங்கள் எண்ணை அவர் சேமித்து வைத்திருந்தால்தான் போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு புது வாடிக்கையாளரிடமும் "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கூச்சப்படாதீர்கள். 2023 செப்டம்பரில் இங்கே வந்த சேனல் வசதியில் எத்தனை ஆயிரம் பேர் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் சேர்ந்தவர் எண் உங்களுக்கே தெரியாது, யார் என்றே தெரியாதவர்களுக்குப் பொடி பாக்கெட்டைக் காட்டிக்கொண்டிருப்பீர்கள். என் கணக்கில் ஸ்டேட்டஸ்தான் ராஜா. யாரையும் தொந்தரவு செய்யாது, பார்க்கிறவர் தானாக வந்து பார்ப்பார், பிடித்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "இது இருக்கா?" என்று அனுப்புவார். என் விற்பனையில் பெரும்பங்கு அந்த இரண்டு சொல்லில்தான் ஆரம்பிக்கிறது.

வாட்ஸ்அப்பின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: புது ஆளை அது கொண்டுவராது. உங்களிடம் 80 பேர் எண் இருந்தால் 80 பேருக்குத்தான் விற்க முடியும். இதற்கு மாற்றாக "ஒரே கிளிக்கில் பத்தாயிரம் பேருக்கு மெசேஜ்" என்று மென்பொருள் விற்க வருவார்கள். வாங்காதீர்கள். கேட்காதவர்களுக்கு மொத்தமாக அனுப்பி நாலு பேர் புகார் பண்ணினால் எண்ணையே முடக்கிவிடுவார்கள். அந்த எண்ணோடு ஆறு வருட வாடிக்கையாளரும் போய்விடுவார்கள். முறைப்படி மொத்தமாக அனுப்ப வாட்ஸ்அப்பே தனி வழி வைத்திருக்கிறது, விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் காசு. நம் அளவுக்கு அது வேண்டாம்.

சரி, வாசலுக்கு வருவோம். இன்ஸ்டாகிராமை எடுத்துக்கொண்டால், சேலைக்கு அதைப் போல வாசல் கிடையாது. சுங்குடியில் ஒரு பொட்டு எப்படி வருகிறது தெரியுமா? வெள்ளைத் துணியை நுனி விரலால் கிள்ளி எடுத்து, நூலால் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். வீட்டில் இருக்கும் பெண்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். சாயத்தில் முக்கிக் காயவைத்த பிறகு பார்த்தால் சேலையாகவே தெரியாது, சுருங்கி, முள்ளு முள்ளாக, பலாப்பழத் தோல் மாதிரி இருக்கும். அப்புறம் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து விடுபட, உள்ளே ஒளிந்திருந்த வெள்ளைப் பொட்டுகள் அத்தனையும் வரிசை வரிசையாகக் கண் திறக்கும். அதை நான் ஜன்னல் ஓரத்தில் வைத்து, பாட்டு எதுவும் போடாமல், அந்தத் தெறிக்கும் சத்தத்தை மட்டும் வைத்து முப்பது விநாடி ரீலாகப் போட்டேன். அதுவரை என்னைப் பின்தொடர்ந்தவர்கள் சொந்தக்காரர்களும் பள்ளித் தோழிகளும்தான். அந்த ஒன்று கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு என்று எங்கெங்கோ போனது. வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர், "என் அம்மா கட்டுவாங்க, இது இன்னும் வருதா?" என்று கேட்டு ஒரே தடவையில் மூன்று வாங்கினார். மதுரை சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனால் கையில் முடிந்ததற்கும் பிரிண்ட் போட்டதற்கும் உள்ள வித்தியாசம் அந்த முப்பது விநாடியைப் பார்த்த பிறகுதான் பலருக்குப் புரிந்தது. விலை ஏன் இவ்வளவு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆக, உங்கள் பொருளில் கண்ணை நிறுத்தி வைக்கிற ஒரு நொடி இருந்தால் இன்ஸ்டா உங்களுக்கானது. பின்தொடராதவர்களுக்கும் ரீலைக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் அதன் பலம். ஆனால் அது கேட்கிற உழைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்க அரை மணி நேரம், வெட்டி ஒட்ட ஒரு மணி நேரம், போட்ட பிறகு வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல இரவு வரை. அதன் ஆயுளோ பெரும்பாலும் மூன்று நாள், நான்கு நாள். அடுத்த வாரம் மறுபடியும் முதலில் இருந்து. பிசினஸ் கணக்காக வைத்திருந்தால் சினிமாப் பாட்டு எல்லாமும் கிடைக்காது, வேறு வழியில் ஏற்றினால் சத்தம் போய்விடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதனால்தான் சொந்தச் சத்தம், சொந்தக் குரல் நல்லது என்கிறேன். வெளிமாநில ஆர்டர் வர ஆரம்பித்தால் ஒரு ஆடிட்டரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். பொருள் விற்பனையில் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது உள்மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கு. மாநில எல்லை தாண்டினால் விதி வேறு, கைவினைப் பொருளுக்கு மட்டும் தனிச் சலுகை இருக்கிறது.

இன்னொன்று, இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். படத்தைப் போட்டு "விலைக்கு டிஎம் பண்ணவும்", அதாவது தனி மெசேஜில் கேளுங்கள், என்று எழுதுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கீழே நூறு பேர் "பிபி, பிபி" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்கள், ப்ரைஸ் ப்ளீஸ் என்பதன் சுருக்கம் அது. கேட்கவே கூச்சப்பட்டுப் போய்விடுகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர். துணிக்கடைக்குள் போய் விலை கேட்டு, அதிகமாக இருந்தால் எப்படி வெளியே வருவது என்று தயங்கும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்கு, விலையைப் பார்த்துவிட்டு யாருக்கும் பதில் சொல்லாமல் முடிவெடுக்கலாம் என்பதுதான் ஆன்லைனின் பெரிய சௌகரியம். அதையும் பறித்தால் எப்படி? நான் விலையை, தபால் செலவோடு சேர்த்து, படத்தின் மேலேயே போட ஆரம்பித்த பிறகு கேள்விகள் குறைந்தன. ஆர்டர் குறையவில்லை. பதில் சொல்லும் நேரம் மிச்சம்.

யூடியூப் இதற்கு நேர் எதிர். அங்கே நம்மைத் தேடி வருகிறார்கள். "சுங்குடிச் சேலை சாயம் போகுமா?" என்று எல்லோரும் கேட்கிறார்களே என்று ஒரு நாள் துவைக்கிற தொட்டி பக்கத்தில் போனை வைத்து, முதல் தடவை கல் உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுவது, நிழலில் காயப்போடுவது, கஞ்சி எவ்வளவு தண்ணியாக இருக்க வேண்டும் என்று ஒன்பது நிமிட வீடியோ எடுத்துப் போட்டேன். முதல் மாதம் யாரும் சீண்டவில்லை. விட்டுவிட்டேன். அது மூன்று வருடம் கழித்து இன்றைக்கும் வாரத்துக்கு இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறது, அதுவும் ஏற்கெனவே பாதி மனசு வைத்தவர்களாக. துவைப்பது எப்படி என்று தேடுகிறவர் வாங்கப் போகிறவர், அல்லது வாங்கிவிட்டு இன்னொன்று தேடுகிறவர். ரீலுக்கு இந்த ஆயுள் கிடையாது.

ஆனால் யூடியூபில் சிலர் ஏமாந்துபோவது சேனலையே வியாபாரமாக நினைத்துக்கொள்வதால். விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பார்கள். அதைத் துரத்திக்கொண்டு நாள் முழுக்க வீடியோ எடுத்தால் பொடியை யார் அரைப்பது? சந்தாதாரர் இருநூறு பேர் இருக்கிற சேனலில் இருந்தும் நல்ல ஆர்டர் வரும். வீடியோ ஒரு கேள்விக்குப் பதிலாக இருந்தால் போதும். யூடியூபின் குட்டி வீடியோவான ஷார்ட்ஸ் போடுவதாக இருந்தால் 2023 ஆகஸ்ட் கடைசியில் இருந்து அதன் விவரக் குறிப்பில் போடும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது, எனவே எண்ணைத் திரையிலேயே பெரிதாக எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். நீள வீடியோவின் கீழே போடுகிற லிங்க் வேலை செய்யும், வாட்ஸ்அப் லிங்க்கை முதல் வரியிலேயே வைத்துவிடலாம். சேலைக்கடைக்காரர்கள் லைவில் ஒன்றன்பின் ஒன்றாக விரித்துக் காட்டி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விற்கும், பார்க்கிறவர் கேட்கக் கேட்க முந்தானையைத் திருப்பிக் காட்ட முடியும் என்பதால் நம்பிக்கை வரும். ஆனால் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு பேச ஒருவர், ஆர்டரைக் குறித்துக்கொள்ள ஒருவர், மடிக்க ஒருவர் வேண்டும். ஒற்றை ஆளாக ஒரு தடவை செய்தேன். ஒரே சேலையை மூன்று பேருக்கு ஒப்புக்கொண்டு, இரண்டு பேருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.

ஃபேஸ்புக் செத்துவிட்டது என்று பிள்ளைகள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். கல்லூரிப் பெண்ணுக்கு விற்பதாக இருந்தால் சரி. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், வீட்டுச் செலவை முடிவு செய்வதும் அவர்கள்தான். பக்கம் ஒன்று திறந்து தினமும் படம் போடுவதால் பெரிதாக ஒன்றும் வராது, பணம் கட்டாத பதிவைச் சொற்பப் பேருக்குத்தான் காட்டும். அதன் உயிர் குரூப்களில் இருக்கிறது. ஊர்ப் பெயரில், சமையல் பெயரில், மாடித் தோட்டம் பெயரில் எத்தனை குரூப்! அங்கே போய் முதல் நாளே விலைப்பட்டியலை ஒட்டினால் வெளியே தள்ளிவிடுவார்கள், அது நியாயமும்கூட. மூன்று வாரம் மற்றவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். "வண்டு வராமல் பொடியை எப்படி வைப்பது" என்று யாரோ கேட்பார், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அப்புறம் விற்பனைக்கு என்று அட்மின் ஒதுக்கிய நாளில் போட்டால் உங்கள் பெயர் ஏற்கெனவே தெரிந்த பெயராக இருக்கும்.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் சமூக ஊடகம் கிடையாது, ஆனால் இந்த ஒப்பீட்டில் அதை விட்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னதாக ஆகும். இலவசம். ஒரு தடவை உட்கார்ந்து கடையை, வேலை நேரத்தை, பத்துப் படத்தை ஏற்றிச் சரிபார்ப்பை முடித்துவிட்டால் அப்புறம் மாதம் ஒரு முறை எட்டிப்பார்த்தால் போதும். வீட்டில் இருந்து செய்கிறவர்கள் முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்தப் பகுதிக்குக் கொடுக்கிறோம் என்று மட்டும் காட்டலாம், பெண்களுக்கு இது முக்கியம். "என் பக்கத்தில் இட்லி மாவு", "பக்கத்தில் டெய்லர்" என்று தேடுகிறவர் இன்றைக்கே வாங்கப் போகிறவர், அவரைப் பத்து ரீல் போட்டும் பிடிக்க முடியாது. வாங்கியவர்களிடம் இரண்டு வரி விமர்சனம் கேளுங்கள். ஆனால் விமர்சனத்துக்குத் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், கூகுளின் விதிப்படி அது கூடாது, வாங்குகிறவருக்கும் அது நேர்மையில்லை.

பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் முதல் மாதம் வேண்டாம். ஏற்கெனவே தானாக நன்றாகப் போன ஒரு பதிவு உங்களிடம் இருக்க வேண்டும், அதற்குத்தான் காசு போட வேண்டும். ஓடாத குதிரைக்குக் கொள்ளு போட்டால் ஓடாது. நான் முதல் முறை "பூஸ்ட்" பட்டனை அப்படியே அழுத்தி 3,000 ரூபாய் போட்டேன். லைக் குவிந்தது, ஆர்டர் இரண்டு. லைக் வேண்டும் என்று கேட்டதால் லைக் கொடுத்தது, தப்பு கேட்டதில் இருந்தது. அடுத்த தடவை நோக்கத்தை "வாட்ஸ்அப் மெசேஜ்" என்று மாற்றி, இடத்தை நான்கு ஊருக்குள் சுருக்கி, தினம் 200 ரூபாய் வீதம் ஐந்து நாள் மட்டும் ஓடவிட்டேன். லைக் சொற்பம், ஆனால் போட்ட காசு திரும்பி வந்தது. விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாக வரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரபலங்களை வைத்துச் சொல்ல வைப்பதில் நான் ஒரு முறை கை சுட்டுக்கொண்டேன். லட்சம் பேர் பின்தொடரும் ஒருவருக்கு இரண்டு சேலையும் பணமும் கொடுத்தேன், இருபது விநாடி ஸ்டோரியில் சேலையின் ஊர்ப் பெயரையே தப்பாகச் சொன்னார், அடுத்த நாள் அது மறைந்துவிட்டது. அதைவிட, நாலாயிரம் பேர் மட்டும் பின்தொடரும் ஒரு பள்ளி ஆசிரியை, தான் காசு கொடுத்து வாங்கிய சுங்குடியைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிற படத்தைப் போட்டுக் கடை பெயரைச் சொன்னாரே, அன்று எனக்கு மதியச் சாப்பாடு சாப்பிட நேரமில்லை. காசு கொடுத்துச் சொல்ல வைத்தால் அது விளம்பரம் என்று அவர் பார்க்கிறவருக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும், 2021இல் இருந்தே விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு இதை வழிகாட்டு விதியாக வைத்திருக்கிறது. பேசும்போதே அதையும் பேசிவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம் எனக்கு உண்டு. 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக் தடை என்று செய்தி வந்தபோது, எங்கள் பகுதியில் அதை மட்டுமே நம்பி நைட்டி, சுடிதார் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அறுபதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஒருவர் எண்கூட அவரிடம் இல்லை. ஒரு வாரம் பத்து நாளில் இன்ஸ்டா இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்தது, ஆனால் அந்த அம்மா முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அப்புறம் 2021 அக்டோபர் 4, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், இன்ஸ்டா, ஃபேஸ்புக் மூன்றும் ஒரே நேரத்தில் படுத்து ஆறு மணி நேரம் எழவில்லை. மூன்றும் ஒரே முதலாளியுடையது. மூன்று வாசல் வைத்திருக்கிறோம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு ஒரு வாசல்கூட இல்லை. அந்தச் செய்தியைப் படித்த மறுநாளே நான் ஒரு நீள நோட்டு வாங்கினேன். பெயர், எண், ஊர், என்ன வாங்கினார், எங்கே பார்த்து வந்தார் என்று ஐந்து கட்டம். இன்றைக்கும் கையால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்கு எல்லாப் பாடத்தையும் சொல்லிக்கொடுத்தது. "எங்கே பார்த்தீங்க?" என்று ஒவ்வொரு புது ஆளிடமும் கேட்டு எழுதி, இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் எந்த வாசலில் ஆள் வருகிறது என்று தெரியும். என் நோட்டில் பாதிக்கு மேல் "இன்னார் சொன்னாங்க" என்றுதான் இருக்கிறது. மீதியில் இன்ஸ்டா முன்னால், யூடியூப் கொஞ்சம் பின்னால், ஃபேஸ்புக் மிகக் கொஞ்சம். ஆனால் இது சேலைக் கணக்கு, அக்காவுக்கு இதே வரிசை வராது. சேலை கண்ணால் வாங்குவது, ஒவ்வொன்றும் புதுசு, ஒரு தடவை வாங்கியவர் அடுத்த பொங்கலுக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோதான் திரும்புவார், எனவே எனக்குப் புதுக் கண்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். பொடி நாக்கால் வாங்குவது. முதல் பாக்கெட்டை விற்பதுதான் கஷ்டம், நாக்குக்குப் பிடித்துவிட்டால் இருபத்தைந்தாம் நாள் டப்பா காலியாகும்போது அவரே கூப்பிடுவார், இல்லை நாம் ஞாபகப்படுத்தினால் வாங்குவார். அவளுக்கு ஆயிரம் கண் வேண்டாம், இருநூறு வீடு போதும். மிக்ஸி ரிப்பேர், தையல், வாட்டர் டேங்க் சுத்தம் செய்வது மாதிரி வேலை என்றால் இரண்டும் இல்லை, தேவை வரும்போது தேடுவார்கள், அவர்கள் கூகுள் மேப்பை முடித்துவிட்டுத்தான் மற்றதை நினைக்க வேண்டும்.

எனவே அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். எந்தத் தளத்துக்கும் முன்னால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பண்ணி, அந்த 14 இலக்க எண், எடை, அரைத்த தேதி, எத்தனை நாள் வரும் என்பது எல்லாம் பாக்கெட்டில் இருக்கட்டும். படத்தில் அந்த எண் தெரிந்தாலே தெரியாதவர்களுக்கு ஒரு தைரியம் வரும். பாக்கெட்டின் பின்பக்கம் வாட்ஸ்அப் எண்ணைப் பெரிதாக அச்சடி, அதைவிட நல்ல விளம்பரம் சமையலறைக்குள் போகாது. ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் வாட்ஸ்அப்புக்கு: பதில், ஸ்டேட்டஸ், இருபத்தைந்து நாள் ஆனவர்களுக்கு ஒரு விசாரிப்பு. யார் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிப் பணம் போட்டுவிட்டேன் என்றாலும் வங்கிக் கணக்கில் பார்க்காமல் பார்சலைக் கட்டாதே, போலி ஸ்க்ரீன்ஷாட் நிறையச் சுற்றுகிறது. இன்னொரு முக்கால் மணி நேரத்தை திண்டுக்கல் குரூப் ஒன்றில் செலவழி, கூகுளில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்ஸ்டாவில் கடை பெயரை மட்டும் பிடித்து வைத்து, ஆறு படமும் எண்ணும் போட்டு விட்டுவிடு, தேடி வருகிறவருக்குக் கடை இருக்கிறது என்று தெரிந்தால் சரி. யூடியூபை மாமா ஆசைப்படுகிறார் என்றால் மாமாவே மாதம் ஒன்று எடுக்கட்டும்.

"அப்ப ரீல் வேண்டாங்கறியா? வறுக்கும்போது அந்தக் கறிவேப்பிலை சத்தம் நல்லாத்தான்டி இருக்கும்" என்றாள். நல்லாத்தான் இருக்கும். மூன்று மாதம் போகட்டும், நோட்டில் எண்பது பேர் ஆகட்டும், அப்புறம் அந்தச் சத்தத்தை எடுக்கலாம் என்றேன்.

முந்தாநாள் அவளுடைய முதல் ஸ்டேட்டஸ் வந்தது. பின்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில், எவர்சில்வர் தட்டில் சுடுசாதம், நடுவில் குழித்து நெய், மேலே பருப்புப் பொடி. போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பி, "விலையைப் போடவா, கேட்டா சொல்லிக்கலாமா?" என்று கேட்டிருந்தாள்.

போடு அக்கா என்று அனுப்பினேன். கால் கிலோவுக்கு எவ்வளவு, அரைக் கிலோவுக்கு எவ்வளவு, இரண்டையும் போடு.